சத்தம் எதோடு சேர்ந்து வருகிறது? – கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி-பதில்

ஓடும் காரில் கேட்கும் வழக்கத்துக்கு மாறான சத்தங்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில இம்முறை இடம்பெறுகின்றன. பெரும்பாலான கடிதங்கள் சத்தம் எப்படிப்பட்டது என்பதை விரிவாகச் சொல்லிவிட்டு, அது எப்போது வருகிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பழுதைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவுவது பின்னதுதான். 'ஊ' என்ற ஒலியை டயரும் எழுப்பும், சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கிப்பிடிக்கும் பேரிங்கும் எழுப்பும், கியர் பெட்டியும் எழுப்பும். ஆனால் அவை மூன்றும் ஒரே சூழலில் கூடுவதும் இல்லை, ஒரே சூழலில் குறைவதும் இல்லை. வண்டியின் வேகம், என்ஜினின் சுழற்சி, ஸ்டீயரிங், பிரேக், மேடுபள்ளம், குளிர்ந்த நிலை, சூடான நிலை ஆகியவற்றில் எதோடு சேர்ந்து அந்தச் சத்தம் மாறுகிறது என்பதைக் கண்டுகொண்டால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் தொடங்கி, வேகம் கூடக் கூட உறுமலாக மாறுகிறது. நான்கு டயர்களையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். டயர்களில் இன்னும் பாதிக்கு மேல் பட்டை (சாலையைத் தொடும் வரிகளுள்ள ரப்பர்) இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் இந்தச் சத்தம் என்ஜினைச் சார்ந்ததா, சக்கரத்தைச் சார்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். போக்குவரத்து இல்லாத நேரான சமதளச் சாலையில், ஒரே வேகத்தை வைத்துக்கொண்டு ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். என்ஜின் கூடுதலாகச் சுழன்றும் சத்தம் அப்படியே இருந்தால், அது சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. நியூட்ரலுக்கு மாற்றிச் சில வினாடிகள் உருளவிட்டும் இதை உறுதிசெய்யலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துப் பார்க்கக் கூடாது. ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணை விசை போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்தது, டயரா பேரிங்கா என்ற கேள்வி. சொரசொரப்பான கான்கிரீட் சாலையிலிருந்து வழுவழுப்பான தார்ச்சாலைக்கு வரும்போது சத்தத்தின் தன்மை சட்டென்று மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். பேரிங் சத்தம் சாலையைப் பார்த்து மாறுவதில்லை. சுமையைப் பார்த்து மாறும். நீண்ட இடது வளைவில் செல்லும்போது வண்டியின் எடை வலப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடி, வலது வளைவில் தணிந்தால், பெரும்பாலும் வலப்புறப் பேரிங்தான் தேய்ந்திருக்கும். நேர்மாறாக இருந்தால் இடப்புறம்.

வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளும் உண்டு. டயரின் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறையும், வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகப் போகும் கை, மறு திசையில் ரம்பப் பல்லில் பட்டதுபோல் சிக்கினால், சக்கரங்களின் கோணம் பிசகி டயர் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பட்டை பாதிக்கு மேல் இருந்தாலும் அத்தகைய டயர் இரைச்சல் போடும். அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகும். பேரிங்கைச் சோதிக்க, வண்டியைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்திய பின், ஒரு கையைச் சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். காதுக்குக் கேட்காத கரகரப்பைக்கூட அந்தச் சுருள்வில் கைக்குக் கடத்திவிடும். நல்ல பேரிங்கில் எதுவும் தெரியாது. தேய்ந்ததில் மணலை அரைப்பது போன்ற அதிர்வு விரல்களில் ஏறும்.

இவற்றிலும் தெளிவு கிடைக்காவிட்டால், முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர். ஒரு திசையில் மட்டுமே சுழல வேண்டிய டயர்களாக இருந்தால், பக்கம் மாறாமல் முன்பின் மட்டும் மாற்ற வேண்டும்.

கேள்வி: வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வெளியே எடுக்கும்போது 'டக் டக் டக்' என்று தொடர்ச்சியாகச் சத்தம் வருகிறது. நேராக ஓடும்போது எதுவும் இல்லை. ஓட்டுவதில் ஆபத்து உண்டா?

பதில்: முன்சக்கர இயக்கக் கார்களில் இந்த அறிகுறி ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் காட்டும். என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் வெளிமுனையில், சக்கரம் திரும்பினாலும் விசை தடைபடாமல் போவதற்காகக் குண்டுகள் அமைந்த சி.வி. ஜாயிண்ட் ஒன்று உண்டு. அக்குண்டுகள் ஓடும் தடங்கள் தேய்ந்துபோனால், ஜாயிண்ட் மிகுதியாக மடங்கியிருக்கும் முழுத் திருப்பத்தில், அதுவும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, இந்த 'டக் டக்' எழும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்து, என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கைவிளக்கை அடித்துப் பாருங்கள். ஜாயிண்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் ஏதாவதொரு மடிப்பில் கிழிந்து, அதிலிருந்து வீசப்பட்ட கறுப்புக் கிரீஸ் ரிம்மின் உட்புறத்திலும் சஸ்பென்ஷன் பாகங்களிலும் வட்டமாகத் தெறித்திருக்கலாம். கிரீஸ் வெளியேறுவதும், அதே கிழிசல் வழியாகத் தூசியும் நீரும் உள்ளே போவதும்தான் இந்த ஜாயிண்ட் கெடுவதற்கு முதன்மையான காரணம். கிழிசலை மட்டும், சத்தம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் ரப்பர் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு ரப்பர் பூட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு. தேய்ந்த தடம் கிரீஸால் சரியாகாது.

இன்றோ நாளையோ உடைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெடுந்தொலைவுப் பயணத்துக்கு முன்பு மாற்றிவிடுங்கள். முற்றிலும் உடைந்தால் சக்கரத்துக்கு விசை போகாது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

கேள்வி: சில வாரங்களாக ஓடும்போது மெல்லிய 'கிரீச்' ஒலி கேட்டுக்கொண்டிருந்தது, பிரேக்கை அழுத்தினால் நின்றுவிடும். பிறகு அது தானாகவே போய்விட்டது. இப்போது பிரேக் அழுத்தும்போது மட்டும் 'கரகர' என்று உரசுகிறது. தானாகப் போனது திரும்பி வருகிறதா?

பதில்: தயவுசெய்து இந்தக் காரை இனி ஓட்டாதீர்கள். முடிந்தால் மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே வரச்சொல்லுங்கள்.

நீங்கள் முதலில் கேட்டது எச்சரிக்கை ஒலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்துபவை பிரேக் பேடுகள். அவற்றில் பலவற்றில், பேட் தேய்ந்து ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. மட்டும் எஞ்சும்போது டிஸ்க்கில் உரசும்படி ஒரு மெல்லிய தகட்டு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். அது உரசிக் கீச்சிடுவதே அதன் வேலை. அந்த நாக்கு தேய்ந்தோ ஒடிந்தோ போனால் ஒலி நின்றுவிடும், பழுது நிற்காது. பேடின் உராய்வுப் பொருள் முழுவதும் தீர்ந்த பின், அதைத் தாங்கும் இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கத் தொடங்கும். நீங்கள் இப்போது கேட்கும் கரகரப்பு அதுதான் என்று கருதியே நடந்துகொள்ள வேண்டும். நிற்கும் தொலைவு கூடும்; டிஸ்க்கும் பாழாகும்.

'ரிம்மின் இடைவெளி வழியாகப் பார்த்தேன், பேட் நன்றாகத்தான் இருக்கிறது' என்று பலர் ஆறுதல் கொள்வதுண்டு. அப்படிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் வெளிப்புறப் பேட் மட்டுமே. பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் (சிறு உலோகத் தண்டுகள்) துருப்பிடித்து இறுகிவிட்டால், உட்புறப் பேட் தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்புறம் பாதி தடிமனோடு இருக்கும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி இரு பேடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்கள் எளிதாக நகர்கின்றனவா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பின்களைக் கவனிக்காமல் பேடை மட்டும் மாற்றினால், அதே உட்புறப் பேட் மீண்டும் விரைவில் தீர்ந்துபோகும்.

பிரேக்கிலிருந்து வரும் எல்லா ஒலியும் ஆபத்தானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மழைக்குப் பிறகோ, இரவு முழுவதும் ஈரத்தில் நின்ற பிறகோ, டிஸ்க்கின் மேல் மெல்லிய துருப்படலம் படியும். காலையில் முதல் சில அழுத்தங்களில் அது உரசிப் போய்விடும். சாலையில் கிடந்த சிறு கல் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டால், காதைக் கிழிக்கும் உரசல் திடீரென்று தொடங்கும். வண்டியைச் சற்றுப் பின்னோக்கி எடுத்தால் பல நேரங்களில் அது விழுந்துவிடும். திடீர் பிரேக்கில், சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இயங்கும்போது மிதியில் துடிப்பும் கடகடப்பும் வருவது இயல்பு. அப்போது காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

கேள்வி: டயர் மாற்றி வந்த மறுநாளிலிருந்து மெதுவாகப் போகும்போது 'டொக்... டொக்...' என்று தாளம் தப்பாமல் ஒரு தட்டல்.

பதில்: உடனே ஓரம்கட்டி, சக்கர நட்டுகளைச் சோதியுங்கள். தளர்ந்த நட்டுகள் இப்படித்தான் தொடங்கும். குறுக்கும் மறுக்குமான வரிசையில், கையேட்டில் தந்துள்ள முறுக்கு விசைக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி ஒருமுறை சோதிப்பது நல்லது.

நட்டுகள் சரியாக இருந்தால், டயர்ப் பட்டையின் இடுக்கில் கல்லோ ஆணியோ குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டல் என்பதை எண்ணியே உறுதிசெய்யலாம். சிறிய, நடுத்தரக் கார்களின் டயர்ச் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 5 முறை சுற்றும். வேகத்தை அதில் பாதியாகக் குறைக்கும்போது தட்டலும் பாதியாகக் குறைந்தால், அது சக்கரத்தோடு சுற்றும் பொருள்தான்.

கேள்வி: காலையில் என்ஜினை இயக்கியதும் பானட்டின் உள்ளிருந்து கூர்மையான கிறீச்சொலி வந்து, ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. ஏ.சி. போட்டால் மறுபடி வருகிறது.

பதில்: இது ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரஸரையும் சுழற்றும் பெல்ட் வழுக்குவதன் ஒலி. இயக்கிய உடனே பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடுகிறது, ஏ.சி. போட்டாலும் சுமை கூடுகிறது. இரு வேளையிலும் ஒலி வருவதால் ஐயத்துக்கு இடமில்லை. கேள்வி, பெல்ட் தேய்ந்ததா, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்ததா, கப்பிகள் ஒரே கோட்டில் இல்லையா என்பதுதான்.

வண்டி நிற்க, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஐடிலில் ஓடும்போது, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிப்பது மெக்கானிக்குகள் கையாளும் எளிய சோதனை. ஒலி சற்று நின்று மீண்டும் வந்தால் கப்பிகளின் வரிசையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டதும் ஒலி பெரிதானால் இழுவிசை போதவில்லை. முந்தானை, துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை ஆகியவற்றோடு சுழலும் பெல்ட்டின் அருகில் நிற்கவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை. பெல்ட்டில் தெளிக்கும் பிசுபிசுப்பு மருந்துகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை ஒலியைச் சில நாள் மறைத்து, தூசியை ஒட்டவைத்து, காரணத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. பல கார்களில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றுகிறது. அது அறுந்தால் என்ஜின் கொதித்துப்போகும்.

கேள்வி: என்ஜினில் 'டிக் டிக்' என்ற ஒலி. குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடானால் குறைவு. ஒருவர் வால்வு என்கிறார், இன்னொருவர் சைலன்சர் என்கிறார், மூன்றாமவர் என்ஜினையே பிரிக்க வேண்டும் என்கிறார்.

பதில்: யார் சொல்வதையும் கேட்பதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையிலான அளவு ஏறக்குறைய 1 லிட்டர். ஆயில் கீழ்க்குறிக்குக் கீழே போயிருந்தால், மேல்பகுதியில் உள்ள வால்வு பாகங்களுக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகி இந்த ஒலி எழலாம். கையேட்டில் சொன்ன வகை ஆயிலை நிரப்பியதும் அடங்கிவிடுவதும் உண்டு.

அளவு சரியாக இருந்தும் ஒலி தொடர்ந்தால், இரண்டாமவர் சொன்னதற்கு வலு உண்டு. சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தால், புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுவது 'டிக் டிக்' என்றே கேட்கும். உலோகம் சூடாகி விரியும்போது இடைவெளி அடைபட்டு ஒலி குறையும். நீங்கள் எழுதியதும் இதுவே. அந்த இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரித்தடம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சத்தத் தொல்லை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். வெளியேறும் புகையில் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டு. அது காருக்குள் புகுந்தால் பயணிகளுக்கு உயிராபத்து.

வால்வு ஒலியை வேகத்தாலும் பிரித்தறியலாம். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஐடிலில் என்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடினால், ஒரு வால்வின் தட்டல் வினாடிக்கு ஆறேழு முறை விழும். அதற்கு மாறாக, அடிப்பகுதியிலிருந்து கனமாக, சுத்தியலால் அடிப்பதுபோல் வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வலுக்கும் ஒலி, பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கைக் குறிக்கும். மூன்றாமவர் சொன்னது பொருந்துவது அப்போதுதான். அந்த ஒலியோடு ஓட்டப்படும் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவைக் கூட்டும்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். அது காட்டுவது ஆயிலின் அளவை அன்று, அழுத்தத்தை. பாதுகாப்பாக ஓரம்கட்டி, அந்த நொடியே என்ஜினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கத்தில் 'கடக்' என்று சத்தம். ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியும் போகவில்லை. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சத்தமே இல்லை. இது எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் விடை. வேகத்தடையில் நேராக ஏறும்போது இரு முன்சக்கரங்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்கின்றன. பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்குகிறது. இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறாக அசையும்போது மட்டும் வேலை செய்யும் பாகம் ஒன்று உண்டு. இடத்தையும் வலத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் அது. அதன் முனைகளில் உள்ள லிங்க் ராடுகளின் குண்டுமுனை தேய்ந்தாலோ, பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் கல்போல் இறுகிப்போனாலோ நீங்கள் சொல்லும் இந்த 'கடக்' வரும்.

இதைச் சோதிக்கும்போது பலரும் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிவிட்டு லிங்க் ராடை அசைத்துப் பார்க்கிறார்கள். அப்போது பார் முறுக்கேறி லிங்க்கை இறுகப் பிடித்துக்கொள்வதால், தேய்மானம் கைக்குத் தெரிவதில்லை. இரு சக்கரங்களும் சமமாகத் தாங்கப்பட்ட நிலையில் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் (லோயர் ஆர்ம்) பால் ஜாயிண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். லிங்க் ராட் உடைந்தால் வண்டி வளைவில் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

கேள்வி: கிளட்ச்சை மிதித்தால் ஒரு கீச்சொலி. எடுத்தால் நின்றுவிடுகிறது.

பதில்: மிதிக்கும்போது மட்டும் வந்தால், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில், மிதிக்காதபோது வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுப் பேரிங். உங்களுடையது முதல் வகை. அதை மாற்ற கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்பதால், அப்போதே கிளட்ச் தட்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய மின்சாரக் காரில், மெதுவாகப் போகும்போது மெல்லிய இசை போன்ற ஓர் ஒலி வருகிறது. வேகம் கூடினால் மறைந்துவிடுகிறது.

பதில்: பழுதில்லை. ஓசையின்றி வரும் வாகனத்தைப் பாதசாரிகள், குறிப்பாகப் பார்வையற்றோர், அறிந்துகொள்வதற்காக வைத்த எச்சரிக்கை ஒலி அது. ஐக்கிய நாடுகளின் 138ஆம் எண் வாகன விதிமுறை, மணிக்கு 20 கி.மீ. வரையிலும் பின்னோக்கிச் செல்லும்போதும் இத்தகைய ஒலி வேண்டும் என்கிறது.

கேள்வி: ஓட்டும்போது தெளிவாகக் கேட்கும் சத்தம், ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மட்டும் வருவதேயில்லை. 'ஒன்றுமில்லை' என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சத்தம் வரும் சாலையிலேயே மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து செல்லுங்கள். குளிர்ந்த என்ஜினில் மட்டும் வரும் ஒலியானால், வண்டியை முந்தைய மாலையே விட்டு, காலையில் முதன்முதலாக இயக்கும்போது உடனிருங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிடுவதாலேயே பல ஒலிகள் அங்கே 'காணாமல்' போகின்றன.

அதற்கு முன்பு, ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் உருளும் பொருட்கள், கதவுப் பையில் கிடக்கும் பாட்டில் அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதுங்கள்: எந்த வேகத்தில், எந்த கியரில், எத்தனை ஆர்.பி.எம்.மில், திரும்பும்போதா நேராகவா, பிரேக் அழுத்தியா விட்டா, எத்தனை பேர் ஏறியிருந்தபோது, மழையா வெயிலா. உடன் வருபவரிடம் கைபேசியைக் கொடுத்து, வேகமானியும் படத்தில் தெரியும்படி காணொளி எடுக்கச் சொல்லுங்கள். பாகத்தின் பெயரை மட்டும் நீங்களே எழுதிவிடாதீர்கள். 'பேரிங் போய்விட்டது, பாருங்கள்' என்று கொடுத்தால் பேரிங்கை மாற்றித் தந்துவிடுவார்கள். '60க்கு மேல், இடது வளைவில் கூடுகிறது' என்று கொடுத்தால் தேடுவார்கள்.